வெட்டுறதை அவ படிக்கட்டும்



இதழ் ஒன்றரை மாதம் பிந்தி வருகிறது. காகிதக் கடையில் பாக்கி, அச்சகத்தில் பாக்கி, எனக்கு வங்கியில் காலாண்டுக் கணக்கு முடிக்கிற வேலை. மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. தலையங்கத்துக்கு வேறொன்று எழுதி வைத்திருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுத வைத்தவர்கள், ஜூன் மாதம் ஒரு நாள் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்ற ஒரு தாயும் மகளும்.

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கிற வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். அந்த அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். தளவாய்புரம் பக்கம் ஒரு காலனி. நைட்டி தைக்கிற வேலை. மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடன் வேண்டும். மஞ்சள் பையிலிருந்து தாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்லூரி கொடுத்த கட்டண விவரம். ஒரு தாளிலும் மடிப்பு இல்லை.

பின்னாலிருந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். "தையல் படிக்கிறதுக்கு லோனா? அம்மாதான் தைக்குதே, பக்கத்துல ஒரு மெஷினைப் போட்டு உக்கார வெச்சா ஆறு மாசத்துல கத்துக்கிடப் போகுது" என்றார். ஓரமாக நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். சேரியிலிருந்து முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, கவிதை எழுதி, இந்தப் பத்திரிகையையும் நடத்துகிற நானும் சிரித்தேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "சார், தைக்கிறது நான் தைச்சிட்டேன். இருபது வருசமாத் தைச்சிட்டேன். வெட்டுறதை அவ படிக்கட்டும்" என்றார்.

தையலுக்கும் வெட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு அந்த அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நைட்டி யூனிட்டுக்குள் போனால் நீளமான மேசை ஒன்று கிடக்கும். அதில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையில் வெட்டிய அளவை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மெஷினை ஓட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். அவருக்குத் தனி மின்விசிறி, மாசச் சம்பளம், 'மாஸ்டர்' என்ற பட்டம். வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாகத் தையல்காரப் பெண்களுக்குப் போகும். அவர்களுக்கு பீஸ் ரேட். டஜனுக்கு இவ்வளவு என்று கணக்கு. கரண்ட் போனால் கூலியும் போச்சு. சில கட்டுகள் வீட்டுக்கே வரும், பிள்ளைகள் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டும்.

"கைக்குழி அளவு அட்டையில அரை இஞ்சு கம்மியா இருக்கும் தம்பி. தைக்கிற எங்களுக்குத் தெரியும். கை ஏறாது. துணியை இழுத்து இழுத்துப் பிடிச்சு ஏத்துவோம். மாஸ்டர்ட்ட சொன்னா, 'நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா'ன்னு கேப்பாரு. நாங்க சொல்றதில்ல. இருபது வருசமா அந்த அரை இஞ்சை நாங்கதான் இழுத்துக்கிட்டு இருக்கோம்."

அந்த அரை இஞ்சைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

ராஜபாளையம் என்றால் வெளியூர்க்காரனுக்கு நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. ரெண்டுக்கும் அரசு மரியாதை உண்டு: நாய்க்கு 2005இல் தபால்தலை போட்டார்கள், பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது. ஆண்டாள் கோயில் கோபுரமோ மாநில அரசின் முத்திரையிலேயே இருக்கிறது. ஆனால் இந்த ரெண்டு ஊரும் அவற்றைச் சுற்றிய கிராமங்களும் சோறு தின்பது துணியால். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பின்னால் வரிசையாக நூற்பாலைகள் வந்தன. கிழக்கே சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கின்றன. நாட்டின் எந்த மூலையில் எவனுக்குக் காயம்பட்டாலும் அதைச் சுற்றுவது இந்தப் பக்கத்துத் துணியாக இருக்கலாம். கிருஷ்ணன்கோயிலைத் தாண்டி சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை. தெற்கே தளவாய்புரத்தில் நைட்டி. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி உடுப்பாகிற அத்தனை படியும் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள்ளேயே நடக்கிறது.

இதில் நம்ம சனம் எங்கே இருக்கிறது? மில்லில் பஞ்சுத் தூசிக்குள்ளே இருக்கிறது. விசைத்தறிச் சத்தத்துக்குள்ளே இருக்கிறது. தையல் மெஷின் முன்னால் குனிந்த முதுகாக இருக்கிறது. மேசையில், அட்டையில், கம்ப்யூட்டரில், வெளிநாட்டு ஆர்டர் பேசுகிற அறையில் தேடிப் பாருங்கள்.

பொம்பளைப் பிள்ளைகளை மில் விடுதியில் மூன்று வருசம் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு மொத்தத் தொகை கொடுக்கிற ஏற்பாட்டுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்தவனின் சொல்வளத்தைப் பாராட்டத்தான் வேண்டும். தாலியைத் தூண்டிலில் மாட்டிய திட்டம். தமிழ்நாட்டு நூற்பாலைகளைப் பற்றி 2011இலும் 2014இலும் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்டபோது உலகமே அதிர்ந்ததாகச் சொன்னார்கள். அந்த விடுதிகளில் இருந்த பிள்ளைகளில் பெரும்பகுதி யார் என்பது அறிக்கை வராமலே நமக்குத் தெரியும். நம்ம தெருவிலிருந்து வேன் ஏறிப் போனவர்கள்தானே.

இந்த இடத்தில் நம்ம ஆட்களே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. போன கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார். "நாமளே குலத்தொழிலை விட்டு ஓடி வந்தவங்க. பிள்ளையை வக்கீலுக்குப் படிக்கவை, நர்சுக்குப் படிக்கவை. துணி தைக்கிறதையா பல்கலைக்கழகத்துல போய்ப் படிக்கணும்? இது குலக்கல்வியில்லையா?"

நியாயமான பயம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளை பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் அப்பன் தொழிலில். அடுத்த ஆண்டே அதைத் தூக்கி எறிந்த காமராசர் பிறந்த மாவட்டம் இது. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் தையல்காரர், சலவைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று பதினெட்டுத் தொழில்கள் பட்டியலில் இருக்கின்றன. அதை இப்படியே ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் மறுத்தது சரிதான். பெரியவரின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

ஆனால் அய்யா, குலக்கல்வி பிள்ளையை அப்பன் கைக்குக் கீழே உட்காரவைத்தது. இங்கே அந்தப் பெண் கேட்பது அட்டையையும் பென்சிலையும். அம்மா பார்த்த வேலையை அதே கூலிக்குப் பார்க்க எவளும் கடன் வாங்கிப் படிக்கப் போவதில்லை. நாலாயிரம் துண்டு வெட்டப்போகிற அந்த ஒரு அட்டையை வரைகிறவள் யார் என்பதுதான் பிரச்சினை. அங்கேதான் லாபம் முடிவாகிறது, கூலியும் அங்கேதான் முடிவாகிறது.

கூலி எப்படி அங்கே முடிவாகும் என்று கேட்கலாம். ஆடைத் தொழில்நுட்பப் படிப்பில் ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு உடுப்பைத் தைக்க எத்தனை நிமிஷம் என்று நிர்ணயிப்பது. 'சாம்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், ஸ்டாண்டர்டு அலவ்டு மினிட். பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதினால் எட்டு மணி நேரத்தில், அதாவது 480 நிமிஷத்தில், நாற்பது உருப்படி. பத்து நிமிஷம் என்று எழுதினால் நாற்பத்தெட்டு. கூடுதல் எட்டு உருப்படிக்கு யார் ஒன்றுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பாள்? ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தெரியாது. அம்மா தண்ணி குடிக்காமல் வேலைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்த மகளுக்குத் தெரியும். அவள் கையில் அந்த வாட்ச் இருந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாஸ்டராகிவிட்டு மாஸ்டர் மாதிரியே பேசுகிற நம்மாட்களையும் பார்த்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்தவன் எழுதுகிறேன்.

துணிக்கும் நமக்கும் உள்ள உறவைப் பற்றி ஃபேஷன் கல்லூரிகளின் ஆடை வரலாற்றுப் பாடம் என்ன சொல்கிறது என்று அந்தப் பெண் காட்டிய பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். எகிப்து, கிரேக்கம், ரோம், பிறகு முகலாயர். நல்லதுதான், படிக்கட்டும். ஆனால் பக்கத்துச் சீமை வரலாறு அதில் இல்லை.

திருவிதாங்கூரில் 1859இல் ராஜா ஒரு உத்தரவு போட்டார். நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டு அடிபட்டுப் போராடிய பிறகு வந்த உத்தரவு. ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், முரட்டுத் துணியால் மார்பை மூடிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மூடலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது. கவனியுங்கள், ராஜா இங்கே டிசைன் பேசுகிறார். துணி இருக்கலாம், வெட்டு வேறாக இருக்கணும். எந்த ஃபேஷன் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாக உடுப்பின் அரசியலைச் சொல்லிவிட முடியாது.

அதைவிடக் கிட்டத்தில் வருவோம். 1930 டிசம்பர், இராமநாதபுரம் மாவட்டம். அப்போது வில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதே மாவட்டம்தான், விருதுநகர் தனியாகப் பிரிந்தது 1985இல். மாவட்டத்தின் கிழக்குச் சீமையில் ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ கட்டக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசையைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாட்டைக் கொள்ளையடித்தார்கள். 1931இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார். அடுத்த ஜூனில் எட்டு, பதினொன்றாக வளர்ந்தது. அந்தப் பதினொன்றில் ரெண்டு: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்கத்தான் வேண்டும்.

சட்டையும் புத்தகமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஆடை வடிவமைப்பை ஒரு தலித் பெண் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவது என்றால் அந்தப் பட்டியலின் ரெண்டு தடையை ஒரே நேரத்தில் மிதித்துக்கொண்டு போவது. இதைத்தான் எங்கள் அதிகாரி 'தையல்' என்றார்.

எங்க தாத்தாவுக்கு ஒரு நல்ல துண்டு இருந்தது. சிவப்புக் கரை போட்டது. காலனிக்குள் தோளில் கிடக்கும். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கி இடுப்புக்குப் போகும். ஊரைத் தாண்டினதும் திரும்பத் தோளுக்கு ஏறும். சின்ன வயசில் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் ஒரு துண்டை வைத்து அதே மாதிரி செய்து பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு அறை விழுந்தது. தாத்தா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரைத்துணிக்கு வந்தார். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் நம்ம பெண்களைக் கூட்டிவைத்து, சேலையை மற்றப் பெண்கள் கட்டுவது மாதிரிக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கிற வெள்ளிக் காப்பு, கொலுசுகளைத் தூக்கி எறியுங்கள் என்றார். கழற்றுவதற்கு இருந்தவர் கழற்றினார். போடவிடாமல் தடுக்கப்பட்டவர்களுக்காகப் பேசியவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நின்றார். சிலை வைக்கிற நம்ம தெருப் பையன்களுக்கு கோட்டின் நீலம் சரியாக வரவில்லை என்று பெயிண்டரோடு சண்டை போடத் தெரிகிறது. அது வெறும் நிறச் சண்டையில்லை என்று அந்தப் பெயிண்டருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். காவல்துறை ஊருக்குள் புகுந்து என்னென்ன உடைத்தது என்று அப்போது வந்த பட்டியலைப் பாருங்கள். டி.வி., மின்விசிறி, சைக்கிள், டிராக்டர், தையல் மெஷின். துணிமணிகளையும் பாஸ்போர்ட்டுகளையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் குவித்துக் கொளுத்தினார்கள். எது கண்ணை உறுத்தியதோ அதைத் தேடிப்பிடித்து உடைத்திருக்கிறார்கள். தையல் மெஷினும் சான்றிதழும் அதில் உண்டு.

நெசவே நமக்கு அந்நியமில்லை. நெசவுக் குடிகளாக வாழ்ந்த கோலியர்கள் பறையரிலிருந்து பிரிந்தவர்கள் என்று 1901 சென்னை மாகாண மக்கள்தொகை அறிக்கை சொல்கிறது. அவர்கள் இன்றும் தமிழ்நாட்டின் பட்டியல் சாதி வரிசையில் இருக்கிறார்கள். தறிக்கும் துணிக்கும் நாம் புதுசாக வந்து சேர்ந்தவர்கள் போல யாரும் பேச வேண்டியதில்லை. மில்லில் வேலை பார்த்த எங்க அத்தை நூலை ரெண்டு விரலில் உருட்டிப் பார்த்தே நம்பர் சொல்லும். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் உள்ள சிட்டம் நாற்பது என்று கணக்கு. அத்தைக்குக் கஜக்கணக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதைப் பல்கலைக்கழகம் முதல் பருவத்தில் அரைநாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்து மதிப்பெண் போடுகிறது.

கிழிந்த துணி இப்போது ஃபேஷன். முழங்காலில் கிழித்துவிட்ட ஜீன்ஸ், ஒட்டுப்போட்ட சட்டை, வயலில் நம்ம பெண்கள் கட்டுகிற பின்கொசுவம் — எல்லாம் மேடைக்கு வந்தாகிவிட்டது. ஒட்டுப்போட்டதற்காகப் பள்ளியில் தலைகுனிந்தவர்கள் நாம். அந்த ஒட்டுக்கு விலை வைக்கிறவர்கள் வேறு யாரோ. மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் தோல் தொழிலாளிகளோடு சேர்ந்து மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்கிறார். வசவாகச் சொல்லப்படுகிற சாதிப் பெயரையே எடுத்து 'சமார் ஸ்டூடியோ' என்று தன் நிறுவனத்துக்கு வைத்திருக்கிறார். அந்த ஸ்டூடியோவின் பொருட்கள் வெளிநாட்டுக் கண்காட்சி வரை போயின. நமக்கு அந்தத் துணிச்சல் வரவேண்டும். இங்கே நிறம் என்றாலே பையன்களுக்கு மணிக்கட்டில் கட்டுகிற சாதிக் கயிறுதான் ஞாபகம் வருகிறது. அதைத் தடை செய்யச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நிறக் கோட்பாடு என்று ஒரு தாள் ஃபேஷன் படிப்பில் உண்டு. எங்க பக்கத்துப் பிள்ளை அந்தத் தாளை எழுதினால் வேறு மாதிரி எழுதும்.

சரி, படிக்க நினைக்கிறவர்களுக்கு வங்கிக்காரனாகக் கொஞ்சம். கவிதைப் பத்திரிகையில் கடன் விதியா என்று முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கம் போகலாம்.

வழிகள் மூன்று வகை. பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் மாதிரிக் கலை அறிவியல் கல்லூரிப் படிப்பு மூன்று வருசம். பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம், ஃபேஷன் தொழில்நுட்பம் நான்கு வருசம், பொறியியல் கலந்தாய்வு வழியாக. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இங்கே உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணம் அரசுடையது. மூன்றாவது, நிஃப்ட். 1986இல் டெல்லியில் தொடங்கி, 1995இல் சென்னைக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 சதவீத இடம் உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். சேலையும் நைட்டியும் நெய்து தைக்கிற மாவட்டத்துப் பிள்ளை, படம் வரைகிற தேர்வுக்கும் முதலில் ஆங்கிலக் கேள்வியைத் தாண்ட வேண்டும். கட்டணம் ஒரு பருவத்துக்கே லட்ச ரூபாய்க்கு மேல். அங்கேயே ஆடைத் தயாரிப்புத் தொழில்நுட்பம் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்ல நம்ம பள்ளிகளில் ஆள் இல்லை.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. பயிற்சிக்குத் துணி, வரைதாள், கலர், கம்ப்யூட்டர், கடைசி வருசம் சொந்தமாக ஒரு உடுப்பு வரிசை தைத்துக் காட்ட வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை பட்டு வாங்கி வரும், நம்ம பிள்ளை காடாத் துணியில் தைக்கும், மதிப்பெண் போடுகிறவரின் கண் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்விக் கடனில் புத்தகம், கருவி, கம்ப்யூட்டர் எல்லாம் சேரும் என்பதைப் பல பேர் கேட்பதில்லை, வங்கியும் சொல்வதில்லை. நான்கு லட்சம் வரை கைப்பணமும் தேவையில்லை. 2015இல் உத்தரவாத நிதியம் வந்த பிறகு ஏழரை லட்சம் வரை சொத்துப் பத்திரமோ மூன்றாம் ஆள் ஜாமீனோ கேட்கக் கூடாது. கேட்டால் விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். குடும்ப வருமானம் வருசத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு, ஆனால் எல்லாப் படிப்புக்கும் எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. சேர்வதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ரெண்டரை லட்சத்துக்குள் வருமானம் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனி. அரசுப் பள்ளிப் பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வரும்; ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு வந்துபோகிற செலவுக்காவது ஆகும்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு ஏழு பெரிய ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு ஒன்று. அது நம்ம விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில். நூற்பு, நெசவு, சாயம், தையல் எல்லாம் ஒரே வளாகத்தில் என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வேலை என்கிறார்கள். வரட்டும். யாருக்கு எந்த வேலை என்று இப்போதே கேட்க வேண்டியவர்கள் நாம். வேன் அனுப்பிக் காலனிக்குக் காலனி ஆள் எடுப்பார்கள், மூன்று மாசப் பயிற்சி என்று சொல்லி மெஷினில் உட்காரவைப்பார்கள், மேசைக்கும் கம்ப்யூட்டருக்கும் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் வருவார்கள். நாம் பேசாமல் இருந்தால் இதுதான் நடக்கும்.

அந்த 1,052 ஏக்கருக்குள் அரசே நடத்துகிற ஒரு பட்டக் கல்லூரி வேண்டும் — ஆடை வடிவமைப்பும் தொழில்நுட்பமும், தமிழிலும் எழுதலாம் என்ற ஏற்பாட்டோடு. ஐந்து வருசம், பத்து வருசம் மெஷினில் வேலை பார்த்த பெண்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு வேண்டும், வயசு வரம்பு கூடாது. கைக்குழியில் அரை இஞ்சு கம்மி என்று கண்டுபிடித்தவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு எதற்கு? 1859, 1927, 1930 மூன்றும் ஆடை வரலாற்றுத் தாளில் வரவேண்டும். பூங்காவில் இடம் வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் மெஷினுக்கு மேலே உள்ள வேலைகளில் எத்தனை பேர் பட்டியல் சாதி, பழங்குடி என்று கணக்குக் காட்ட வேண்டும். தனியார் துறை என்று சொல்லி நழுவ முடியாது, நிலம் அரசுடையது.

பாதுகாப்பும் படிப்பில் சேரவேண்டும். 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். விரிசலை முந்தின நாளே பார்த்திருந்தார்கள், ஆனாலும் உள்ளே போகச் சொன்னார்கள். ஆர்டர் தேதி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணை அவருடைய மேற்பார்வையாளரே கொன்றான். அந்தப் பெண் சேர்ந்திருந்த, தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் கம்பெனியையும் எச் அண்ட் எம் என்கிற பெரிய வெளிநாட்டு பிராண்டையும் கையெழுத்துப் போடவைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். வேலைத்தளத்துப் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருந்து சீண்டலையும் சாதிப் பேச்சையும் புகாராக்கலாம். இந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஒருத்தி ஆடைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கினால் அந்தப் பட்டத்தில் ஒரு தாள் பாக்கி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடன் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். விதிச் சுற்றறிக்கையை நகலெடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். "படிச்சு முடிச்சா என்னய்யா வேலை கிடைக்கும்?" என்றார். பேட்டர்ன் மேக்கர், மெர்ச்சண்டைசர், தரக்கட்டுப்பாடு, டிசைனர் என்று அந்தப் பெண் எழுதிக்கொடுத்த பட்டியலைக் காட்டினேன். மூன்று முறை திரும்பி வரச் சொன்னார்கள். மூன்று முறையும் அந்த அம்மா ஒருநாள் பீஸை இழந்து பஸ் ஏறி வந்தார். நாலாவது முறை ஃபைல் நகர்ந்தது.

இப்போது ஒரு தாள் குறைகிறது. பயிற்சிக்கு ஒரு பவர் மெஷினைக் கருவிச் செலவில் சேர்த்திருக்கிறோம், அதற்குக் கடைக்காரரின் கொட்டேஷன் வேண்டும். அம்மாவுக்கு லீவு கிடைக்காது. வருகிற சனிக்கிழமை மதியம் வில்லிபுத்தூரில் ஒரு மெஷின் கடைக்கு அந்தப் பெண்ணும் நானும் போகிறோம். எந்த மெஷின் என்று அவளே பார்த்து வைத்திருக்கிறாள். மோட்டாரைத் தனியாக ஓடவிட்டுக் காதால் கேட்டுத்தான் வாங்கணும், கடைக்காரன் சொல்றதை நம்பாதீங்க என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.